சட்டைக் கை பட்ட பந்து

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு மாடிக் கடையில் சனிக்கிழமைகளில் நாங்கள் நாலு பேர் பூல் விளையாடுவோம். தோற்றவன் எல்லோருக்கும் கொத்துரொட்டி வாங்கிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் பந்தயம். போன மாதம் என் நண்பன் மேசைக்குக் குறுக்கே எட்டி அடித்தபோது அவனுடைய சட்டைக் கை எட்டாம் நம்பர்க் கறுப்பில் பட்டு, அது ஒரு விரல் அகலம் நகர்ந்தது. நான் "ஃபவுல்" என்றேன். "மச்சான், நான் வேணுமெண்டா செய்தனான்?" என்றான். மற்ற இருவரும் "சும்மா விளையாட்டுத்தானே, விடு" என்றார்கள். அவன் வெள்ளைப் பந்தை எடுத்து, விரும்பின இடத்தில் வைத்து அடி என்று என் கையில் தந்துவிட்டு ஒதுங்கி நின்றான். நான் வென்றேன். அன்றிலிருந்து அவன் வருவதில்லை. நான் செய்தது பிழையா?
- பெயர் வேண்டாம், கொழும்பு 6

பதில்: தம்பி, நீங்கள் பார்த்தது சரி. வாய் திறந்ததும் சரி. எனக்கு ஐமிச்சமெல்லாம் சொன்ன விதத்தில்தான். "ஃபவுல் என்றேன்" என்று கடிதத்தில் ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னீர்களா, இல்லை அவன் பக்கத்தில் போய் "கறுப்பு அசைஞ்சது கண்டனியா?" என்று கேட்டீர்களா? அவன் கண்டிருக்கவே மாட்டான். எட்டி அடிக்கிறவனுடைய கண் வெள்ளைப் பந்தில் இருக்கும், சட்டைக் கையில் இருக்காது. காணாத ஒன்றை ஒருவன் தலையில் போட்டால் அவனுக்கு அது "நீ அளாப்புகிறாய்" என்றுதான் காதில் விழும்.

அதற்காக அவன் சொன்ன நியாயத்தை நான் ஏற்கமாட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை என்கிறான். வெள்ளைப் பந்து குழிக்குள் விழுவதும் யாரும் வேண்டுமென்று செய்வதில்லையே. அப்போது "தெரியாமல் விழுந்துவிட்டது, இன்னொரு தரம் அடிக்கிறேன்" என்று எவனாவது கேட்கிறானா? வாயை மூடிக்கொண்டு பந்தை எடுத்து எதிராளியிடம் கொடுக்கிறான். சட்டைக் கைக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்? குழியில் விழுகிற பந்துக்குச் சத்தம் இருக்கிறது, நாலு பேருக்கும் கேட்கும். சட்டைத் துணிக்குச் சத்தம் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி விதிக்கு வருவோம். இது உங்களுக்குக் கொஞ்சம் கசக்கும். உலக பூல் பில்லியர்ட் சங்கத்தின் விதிப்படி, நடுவர் நிற்கிற ஆட்டத்தில் எந்தப் பந்தில் உடுப்பு பட்டாலும் ஃபவுல்தான். ஆனால் நடுவர் இல்லாத ஆட்டங்களுக்கென்று ஒரு தளர்வு வைத்திருக்கிறார்கள். வெள்ளையைத் தவிர்த்து வேறு ஒரு பந்தில் தெரியாமல் கை பட்டு அது நகர்ந்தால், அதுவே ஃபவுல் ஆகாது. நகர்ந்த பந்து இன்னொரு பந்தில் முட்டினாலோ, அது முன்பு இருந்த இடத்தின் வழியாக வேறு பந்து ஏதாவது ஓடினாலோதான் ஃபவுல். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்றால், தொட்டவர் எதிராளியைக் கேட்க வேண்டும்: இருக்கிற இடத்திலேயே விடவா, பழைய இடத்தில் வைக்கவா? கேட்காமல் அடுத்ததை அடித்தால் அப்போது அது ஃபவுல். வெள்ளைப் பந்து எதிராளி கைக்குப் போகும்.

இந்த விதியை எழுதியவர் நாலு நண்பர்களோடு விளையாடிப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். கை பட்டதற்குத் தண்டனை இல்லை, பட்ட பிறகு பேசாமல் இருந்ததற்குத்தான் தண்டனை.

ஆக, அன்றைக்குக் கறுப்பு எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற உரிமை உங்களுக்கு இருந்தது. "பரவாயில்லை, விடு" என்று சொல்கிற உரிமையும் உங்களுக்குத்தான் இருந்தது. உங்கள் இரண்டு நண்பர்கள் அதைத் தங்கள் கையில் எடுத்தார்கள் பாருங்கள், எனக்கு அவர்கள்மேல்தான் கோபம். பிறர் காசில் தானம் பண்ணுகிற ஆட்கள். அதேபோல, அந்தத் தளர்ந்த விதிப்படி பார்த்தால் வெள்ளைப் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டது நீங்கள் எடுத்த கூடுதல் வட்டி. கறுப்பை ஒரு விரல் அகலம் திருப்பி வைத்திருந்தால் போதும். இல்லையென்றால், பட்டாலே ஃபவுல் என்று நீங்கள் நாலு பேரும் முதலிலேயே பேசி வைத்திருக்க வேண்டும். பேசியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். யாரும் பேசுவதில்லை.

அடுத்த சனிக்கிழமை முதல் அடிக்கு முன்னால் பேசுங்கள். நிறப் பந்தில் கை பட்டால் ஃபவுலா, திருப்பி வைப்பதா? ஃபவுலுக்குப் பிறகு வெள்ளைப் பந்தை மேசையில் எங்கும் வைக்கலாமா, முதல் அடி அடிக்கிற கோட்டுக்குப் பின்னால் மட்டுமா, இல்லை எதிராளியை இரண்டு தரம் அடிக்க விடுவதா? நான் விளையாடிய இடங்களிலேயே இது மூன்று விதமாக இருந்தது. கொத்துக்குக் கோழியா முட்டையா என்று கேட்டு முடிக்கிற நேரம்கூட ஆகாது.

அப்புறம், அந்த நண்பனுக்கு விதியைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். அனுப்பினால் அவன் சாகும்வரை வரமாட்டான். போன் எடுத்து, "கறுப்பைத் திருப்பி வைச்சிருக்கலாம், வெள்ளையை நான் வாங்கியிருக்கக் கூடாது. போன தரக் கொத்து என்ரை கணக்கு" என்று சொல்லுங்கள். கை பட்டதைச் சொன்னதற்காக மட்டும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.

கேள்வி: அடிக்கக் குறிபார்க்கும்போது கியூக் கோலின் நுனி வெள்ளைப் பந்தில் லேசாகப் பட்டுவிட்டது. பந்து அசைந்ததா என்றுகூடத் தெரியவில்லை. எதிராளி சோக் தேய்த்துக்கொண்டு நின்றார், பார்க்கவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்ல வேண்டுமா?
- ஒரு வாசகர், தெஹிவளை

பதில்: சொல்ல வேண்டும். கியூ முன்னோக்கி வந்து நுனி வெள்ளையைத் தொட்டால் அது ஓர் அடி. அந்த அடியில் வேறு எந்தப் பந்தும் படவில்லை என்றால் ஃபவுல். மயிரிழை அசைந்தாலும் ஒன்றுதான், மேசை நீளம் ஓடினாலும் ஒன்றுதான்.

இவ்வளவு கறாராகச் சொல்கிறேனே, நான் சொன்னேனா என்று கேட்பீர்கள். சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் இருந்தேன். வடக்கிலிருந்து வந்து வெளிநாட்டுக்குப் போகக் காத்திருந்தவர்களால் அந்த லொட்ஜ் நிறைந்திருந்தது. காலி வீதியில் ஒரு கொமினிகேஷன் கடைக்கு மேலே ஒரு பூல் மேசை போட்டிருந்தார்கள். விரிப்பில் ஓர் இடத்தில் சிகரெட் சுட்ட ஓட்டை. கீழே கடையில் ஆட்கள் கனடாவுக்கும் லண்டனுக்கும் கத்திக் கதைக்கிற சத்தம் படியேறி வரும். சோதனைச் சாவடிகளில் ஆட்கள் குறைகிறதுக்குள் லொட்ஜுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதால் எங்கள் ஆட்டம் எல்லாம் பின்னேரத்தில்தான்.

என்னோடு ஓர் அண்ணை விளையாடுவார். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அதிகம் கதைக்கமாட்டார். ஒருநாள் கறுப்பு மட்டும் மிச்சம், என் முறை. வெள்ளை மேசை ஓரத்துக் குஷனோடு ஒட்டிக் கிடந்தது, எட்டி வளைந்து நின்றேன். அப்போது என் மணிக்கூட்டு வாரின் நுனி, கொளுக்கிக்கு வெளியே தொங்குமே அந்தத் துண்டு, வெள்ளைப் பந்தில் உரசியது. பந்து நகரவில்லை. உரசியது எனக்குத் தோலில் தெரிந்தது. ஒரு விநாடி அப்படியே நின்றேன். பிறகு அடித்தேன். கறுப்பு விழுந்தது.

அண்ணை கை கொடுத்தார். கீழே வந்து இரண்டு பிளேன்ரீ வாங்கினார். நான் குடித்து முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. கிளாசை வைத்துவிட்டு, "தம்பி, உன்ரை மணிக்கூட்டு வார் கொஞ்சம் நீளம், ஒரு ஓட்டை தள்ளிப் போடு" என்றார். அவ்வளவுதான். அடுத்த மாதம் அவருக்கு விசா வந்துவிட்டது.

முப்பது வருஷமாகிறது. இன்றைக்கும் மேசைக்குப் போனால் முதலில் மணிக்கூட்டைக் கழற்றிக் காற்சட்டைப் பொக்கெற்றில் போடுகிறேன். இப்போது கட்டுவது வார் இல்லாத இரும்புச் சங்கிலி, ஆனாலும் கழற்றுகிறேன்.

கேள்வி: கிரிக்கெட்டில் அம்பயர் விரலைத் தூக்கும்வரை துடுப்பாட்டக்காரர் நிற்கிறார். அதைக் கள்ளம் என்று யாரும் சொல்வதில்லை. பூலில் மட்டும் ஏன் நாமே நம்மைக் காட்டிக்கொடுக்க வேண்டும்?
- மட்டக்குளியிலிருந்து ஒரு மாணவர்

பதில்: அங்கே அம்பயர் இருக்கிறார். உங்கள் மேசையில் யார் இருக்கிறார்? நடுவர் இல்லாத ஆட்டத்தில், அடிக்காதவர் நடுவர் வேலை பார்க்க வேண்டும் என்பது எழுத்தில் உள்ள ஏற்பாடு. ஆனால் சட்டைக்குள் நடப்பது அவருக்கு எப்படித் தெரியும்? மிச்ச வேலை அடிக்கிறவருடையது.

கிரிக்கெட்டிலும் எல்லோரும் நிற்பதில்லை. 2003 மார்ச் 18, உலகக் கிண்ண அரையிறுதி, போர்ட் எலிசபெத். அரவிந்த டி சில்வாவின் பந்தை அடம் கில்கிறிஸ்ட் ஸ்வீப் செய்யப் பார்த்தார். மட்டையின் விளிம்பில் பட்டு எழும்பியதை சங்கக்கார பிடித்தார். நடுவர் அவுட் கொடுக்கவில்லை. கில்கிறிஸ்ட் தானாகவே நடையைக் கட்டினார், 22 ஓட்டங்களோடு. நாங்கள் ரிவிக்கு முன்னால் வாயைப் பிளந்தபடி இருந்தோம். கடைசியில் தோற்றது இலங்கைதான். நடந்து போனவருடைய அணி கிண்ணத்தையும் கொண்டு போனது. நேர்மையாக விளையாடினால் தோற்றுவிடுவோம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பின்னேரம் ஞாபகம் வரும், வயிறும் கொஞ்சம் எரியும்.

கேள்வி: வெள்ளைப் பந்தும் அடிக்க வேண்டிய பந்தும் நெருங்கிக் கிடக்கும்போது கியூ இரண்டு தரம் படுகிறது என்று சண்டை வருகிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?
- ஒரு வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: கண்ணால் கியூ நுனியைப் பிடிக்க முடியாது, முயற்சி செய்யாதீர்கள். வெள்ளைப் பந்து அதற்குப் பிறகு என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரே எடையுள்ள இரண்டு பந்துகள் நேருக்கு நேர் மோதினால் பின்னால் வந்தது தன் வேகத்தை முன்னதற்குக் கொடுத்துவிட்டு ஏறக்குறைய நின்றுவிடும். சுழற்சி மிச்சமிருந்தால் ஒரு கணம் தாமதித்துத்தான் முன்னேறும். அப்படி இல்லாமல், வெள்ளை முன்பந்தோடு கூடவே, அதே வேகத்தில், கைபிடித்துப் போகிற சோடி மாதிரி ஓடினால் நுனி இரண்டாவது தரம் தள்ளியிருக்கிறது. ஃபவுல். இடைவெளி ஒரு சோக்கட்டி அகலத்துக்குள் இருக்கும்போது நேரே ஓங்கி அடித்தால் இது அநேகமாக நடக்கும். கியூவின் பின்பக்கத்தை உயர்த்தியோ, கோணம் மாற்றிப் பக்கவாட்டில் தட்டியோ தப்பலாம். இரண்டு பந்தும் உண்மையிலேயே ஒட்டிக் கிடந்தால் கதை வேறு, நேராகவே அடிக்கலாம். ஆனால் ஒட்டியிருக்கிறது என்று அடிக்கு முன் இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

சண்டையைத் தவிர்க்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும். அடிக்கு முன்னால் பக்கத்து மேசையில் ஒருவரைக் கூப்பிட்டு "அண்ணை, இதை ஒருக்கால் பாருங்கோ" என்று கேளுங்கள். அடித்த பிறகு கூப்பிடாதீர்கள், அப்போது வருகிறவர் சாட்சி ஆகமாட்டார், சமாதானத் தூதுவர் ஆகிவிடுவார். எந்தப் பந்தில் முதலில் பட்டது, இதிலா அதிலா என்று ஒரேயடியாகப் பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் தீர்ப்பு அடித்தவர் பக்கம். அடுத்த அடி விழுவதற்குள் ஃபவுல் சொல்லவில்லை என்றால் அது நடக்கவே இல்லை என்று கணக்கு. ஆட்டம் முடிந்து, தோற்று, கொத்துக்குக் காசு எண்ணும்போது "அப்பவே நான் கண்டனான்" என்று தொடங்குகிறவர்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

கேள்வி: கோட்டையில் உள்ள எங்கள் அலுவலகத்தில் பூல் மேசை ஒன்று இருக்கிறது. விளையாடும் பெண் நான் ஒருத்திதான். நான் "என் கை பட்டுவிட்டது, ஃபவுல்" என்று சொன்னால் உடன் வேலை செய்கிறவர்கள் "பரவாயில்லை தங்கச்சி, இன்னொரு தரம் அடிங்கோ" என்கிறார்கள். தங்களுக்குள் விளையாடும்போது அப்படி விடுவதில்லை. எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?
- ஒரு வாசகி

பதில்: இல்லை, தங்கச்சி. மன்னிக்கிற உரிமை எதிராளிக்கு உண்டு என்று மேலே எழுதினேன், அதை இப்படி மேசைக்கு மேசை ஆள் பார்த்துப் பாவிப்பார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை. உங்கள் ஃபவுலை எண்ணாதவர்கள் நீங்கள் போட்ட பந்தையும் எண்ணப் போவதில்லை. வென்றாலும் "நாங்கள் விட்டுக்கொடுத்தோம்" என்பார்கள்.

வாதம் பண்ண வேண்டாம். தங்களுக்குள் பட்டாலே ஃபவுல் என்று அவர்கள் விளையாடினால் உங்களுக்கும் அதே சட்டம்தான். "ஃபவுல்" என்று சொல்லிவிட்டு வெள்ளைப் பந்தை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு மேசையை விட்டு இரண்டடி தள்ளி நில்லுங்கள். பந்து கையில் இருக்கும்போது "பரவாயில்லை" சொல்வது கஷ்டம். அவருக்கு அவ்வளவு பெருந்தன்மை இருந்தால் வெள்ளையை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்து அங்கிருந்து அடிக்கட்டும், விதி அதையும் தடுக்கவில்லை. ஆனால் அடிப்பது அவர். முறை மாறியாக வேண்டும். இரண்டு கிழமை இப்படிச் செய்து பார்த்து எழுதுங்கள். இன்னொன்று, அடுத்த தரம் அவர்களில் ஒருவரின் கழுத்துப்பட்டி பந்தில் படும், அலுவலகங்களில் கழுத்துப்பட்டிதான் பெரிய குற்றவாளி. அப்போது மெதுவாக, "பந்து அசைஞ்சது, எங்கே வைப்பம்?" என்று கேளுங்கள்.

கேள்வி: இந்த மேசை விளையாட்டுகளில் இலங்கை எப்போதாவது சாதித்திருக்கிறதா?
- ஒரு வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: இப்படிக் கேட்கிறீர்களே என்று மனம் கவலைப்படுகிறது. எம். ஜே. எம். லாபீர். 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் சம்பியன் ஆனவர். கிரிக்கெட்டில் நாம் உலகக் கிண்ணம் தூக்கியது 1996இல். அதற்கு 23 வருஷம் முன்னாலேயே, இரண்டு வெள்ளைப் பந்தும் ஒரு சிவப்புப் பந்தும் உருண்ட ஒரு மேசையில் இந்த நாட்டுக்கு ஓர் உலகப் பட்டம் வந்துவிட்டது. உங்கள் பிள்ளைகளிடம் பெயரைச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: பூல் பற்றியே எழுதுகிறீர்கள், கரம் பற்றியும் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மகனுக்கு ஒன்பது வயது. அவனும் அப்பப்பாவும் போயா தினங்களில் கரம் விளையாடுவார்கள். அப்பப்பாவுடைய ஸ்ட்ரைக்கர் குழிக்குள் விழுந்தால் "பலகை சரிஞ்சிருக்கு" என்று சொல்லி எடுத்துத் திரும்ப அடிக்கிறார். மகன் "அப்பப்பா அளாப்புறார்" என்று அழுகிறான். பெரியவரிடம் எப்படிச் சொல்வது?
- ஒரு தாய், நாரஹேன்பிட்டி

பதில்: அம்மா, மருமகள் வாயால் இதைச் சொல்லக் கூடாது, சொன்னால் அது கரம் பற்றிய பிரச்சினையாக இருக்காது. பலகையே சொல்லட்டும். ஆட்டத்துக்கு முன் மகனிடம் ஓர் உருண்டைத் தேசிக்காயைக் கொடுத்து, காய்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நடு வட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். அப்பப்பாவும் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். அது தானாக ஒரு பக்கம் உருண்டால் அவர் சொன்னது சரி. அந்தப் பக்கத்துக்குக் கீழே கொப்பி மட்டையை மடித்து வைத்து நேராக்கிவிட்டுத் தொடங்குங்கள். உருளவில்லை என்றால், தேசிக்காயை உள்ளே கொண்டுபோய்ப் பிழிந்து சீனி போட்டு அவருக்கு ஒரு கிளாஸ் கொடுங்கள். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போது, ஸ்ட்ரைக்கர் விழுந்ததற்கு அவர் போட்ட காய்களில் ஒன்றை மகன் எடுத்து நடுவில் வைக்கட்டும்.